பிறந்த வீட்டு நிலை

அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிய அன்றே இளவழகன் நாலு பேர் நடுவில் வார்த்தையைக் கொடுத்துவிட்டான்.

முத்துப்பேட்டைக்கு மேற்கே அவன் தங்கை சுடர்விழி வீடு கட்டத் தொடங்கியிருந்தாள். புருஷன் வளவன் அறுவடை மெஷின் ஓட்டுகிறவன். குறுவைக்கும் சம்பாவுக்கும் ஊர் ஊராக ஓடிச் சேர்த்த காசு, பேங்கில் வாங்கிய கடன், இரண்டையும் போட்டுத்தான் அந்த வீடு. முதல் கல்லுக்கு மஞ்சள் தடவி, எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, வளவனின் தாயார் அம்சம் கேட்டாள்.

"தம்பி, நிலைக்கு என்ன மரம்னு யோசிச்சு வச்சிருக்கீங்களா?"

அவர்கள் சொந்தத்தில் வீட்டுத் தலைவாசல் நிலையைப் பெண்ணின் கூடப்பிறந்தவன்தான் கொண்டுவர வேண்டும். செங்கல், சிமெண்ட், கம்பி எல்லாம் கட்டிக்கொண்டவன் பாடு. நிலை மட்டும் பிறந்த வீட்டுச் சீர். அந்த நிலையைப் பார்த்துத்தான் பெண்ணுக்குப் பின்னால் ஆள் இருக்கிறதா இல்லையா என்று ஊர் முடிவு செய்யும். அம்சத்தின் மூத்த மருமகள் வீட்டார் வேம்பில் ஒரு நிலை கொண்டுவந்து வைத்தார்கள். வேம்பு ஒன்றும் கெட்ட மரமில்லை. ஆனால் அம்சம் வாயில் அது விழுந்துவிட்டது. "வேப்பங்கட்டையை நட்டுட்டுப் போனவங்க" என்றுதான் அந்தச் சம்பந்தி வீட்டாரை அவள் இன்றுவரை சொல்கிறாள். அந்த மருமகள் இதைக் கேட்டுக்கொண்டே சோறு வடிக்கிறாள்.

சுடர்விழி அண்ணனைப் பார்த்தாள். இளவழகன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"தேக்குலதான் அத்தை. சும்மா தேக்கு இல்ல, வைரம் பாஞ்ச கட்டையா எடுத்துக் கொண்டாறேன்."

அம்சத்தின் முகம் மலர்ந்தது. சுடர்விழி டீச் சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகும்போது நடையே மாறியிருந்தது. நல்ல மனதோடு சொன்ன வார்த்தைதான் அது, பொய்யில்லை. இளவழகனைக் கெட்டவன் என்று தொடக்கத்திலேயே முத்திரை குத்திவிட்டால் கதை சொல்வது சுலபம். அவன் அப்படிப்பட்டவன் இல்லை. மன்னார்குடி ரோட்டில் விதைக்கடை, உரக்கடை வைத்து நாணயமாகப் பிழைக்கிறவன். அதனால்தான் பின்னால் நடந்தது இவ்வளவு அசிங்கமாகிப் போனது.

சொன்ன சொல்லைக் காப்பாற்ற அவன் உடனே கிளம்பவும் செய்தான். வைகாசியில் கூத்தாநல்லூர் போனான். அங்கே நெய்னா முகம்மது பாயின் மரக்கடை. சிங்கப்பூர் சம்பாத்தியத்தில் எழும்புகிற வீடுகளுக்கெல்லாம் அவர்தான் கதவு, ஜன்னல், நிலைக்கு மரம் அறுத்துக் கொடுப்பவர். கட்டைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, இளவழகன் ஒன்றைக் கைகாட்டினான். பாய் தண்ணீர் தெளித்துத் துடைத்துக் காட்டினார். தேன் நிறத்தில் கோடு கோடாக ஓடியது.

"தங்கச்சி வீட்டு நிலைக்கா? எடுங்க. ஆனா இன்னொரு நிலைக்கும் யோசனை இருந்தா இப்பவே சேத்து எடுத்துடுங்க தம்பி," என்றார் பாய். "ஆடி முடிஞ்சா இந்த விலை நிக்காது."

இன்னொரு நிலைக்கும் யோசனை இருக்கத்தான் செய்தது. இளவழகனும் தன் வீட்டு முகப்பை இடித்துக் கட்டப் போகிறான். ஓட்டு வீட்டை முன்பக்கம் இடித்து, சிலாப் போட்டு, பெரிய வாசல் வைப்பதாகத் திட்டம். ஆனால் வியாபாரி புத்தி சும்மா இருக்குமா? விலை ஏறும் என்று சொன்னாலே விற்கப் பார்க்கிறான் என்று அர்த்தம். அவனே கடையில் யூரியாவுக்குச் சொல்கிற வசனம்தானே அது. சிரித்துக்கொண்டே ஒரு நிலைக்கான மரத்தை மட்டும் அறுத்து வாங்கி வந்தான். வீட்டுப் பின்கட்டில் ஆசாரியை உட்கார வைத்து வேலையும் முடித்தாயிற்று. மேல்கட்டையில் தாமரை, இரண்டு பக்கமும் கொடி. வீடு முழுக்கத் தேக்கு வாசனை அடித்தது.

ஆடி கழிந்து ஆவணி பிறந்தபோது அவன் வீட்டு முகப்புக்குச் சுவர் எழும்பிவிட்டது. கொத்தனார் வாசலுக்கு இடம் விட்டுவிட்டு நிலை எங்கே என்று கேட்டான். இளவழகன் மறுபடி கூத்தாநல்லூர் போனான்.

கடையில் பாதி இடம் காலியாகக் கிடந்தது. பாய் சொன்ன விலையைக் கேட்டதும் அவனுக்குத் தலை சுற்றியது. வைகாசி விலைக்கும் ஆவணி விலைக்கும் சம்பந்தமே இல்லை.

"என்ன பாய், மூணு மாசத்துல இப்படியா?"

"நான் ஏத்தினேனா தம்பி? தூத்துக்குடியில வந்து இறங்குற கட்டைக்குக் கப்பல் கூலி ஏறிப் போச்சு. வர்ற கட்டையும் கொறஞ்சு போச்சு. உள்ளூர் தேக்கு எங்க இருக்கு? கஜா அடிச்ச வருஷம் வரப்புல நின்னதெல்லாம் சாஞ்சுது. வெறகு விலைக்குக் கூவிக் கூவி வித்தாங்க, வாங்க ஆளில்ல. என் கடையிலேயே வெக்க எடமில்லாம ரோட்டுல அடுக்கினேன். அன்னைக்கு சாஞ்சதுக்கு இன்னைக்கு எங்கேருந்து மரம் வரும்? இந்தப் பக்கம் பார்த்தா தெருவுக்கு நாலு வீடு எழும்புது. அரசாங்க வீடு, வெளிநாட்டுப் பணத்து வீடு, எல்லாருக்கும் ஆவணியில நிலை வெக்கணும், தையில குடி போகணும். மரம் வளர முப்பது வருஷம் தம்பி. வீடு கட்ட ஆறு மாசம்."

கஜாவில் சாய்ந்த தேக்குகளில் இளவழகனின் வரப்பில் நின்றவையும் உண்டு. அப்பா கண்ணுசாமி வைத்தவை. புயலுக்குப் பிறகு வழியை அடைக்கிறதே என்று வந்த விலைக்குத் தள்ளிவிட்டவன் அவன்தான். அப்போது சுடர்விழியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. பாய் பேசப் பேச இது அவனுக்கு நினைவுக்கு வந்தது. வந்த நினைவை அப்படியே ஓரமாகத் தள்ளினான்.

வெறுங்கையோடு திரும்பி வந்தவன் கண்ணில் பின்கட்டு நிலை பட்டது. தங்கைக்காகச் செய்த நிலை. அளவு ஒன்றுதான். அவன் வீட்டு வாசலுக்கும் கச்சிதமாகப் பொருந்தும்.

அந்த எண்ணம் எப்படி வந்தது என்று அவனைக் கேட்டால் இன்றும் சொல்லத் தெரியாது. கடைக்கு வருகிற பெரிய மிராசுகள் வீட்டுக்கும் வருவார்கள், வாசல் எடுப்பாக இருக்க வேண்டும். தங்கை வீடு உள்ளே தள்ளி இருக்கும் கிராமம், அங்கே யார் பார்க்கப் போகிறார்கள்? கொத்தனார் வேறு வேலைக்குப் போய்விட்டால் பிடிக்க முடியாது. இப்படி ஒன்றன் மேல் ஒன்றாகக் காரணம் அடுக்கினான். தப்பு செய்யப் போகிறவனுக்குக் காரணத்துக்கா பஞ்சம்? மனைவி தமிழரசி மட்டும் ஒரு கேள்வி கேட்டாள்.

"இது சுடருக்குச் செஞ்சதுதானே?"

"அவளுக்கு வேற வரும்."

மறுநாள் நல்ல நேரத்தில் தாமரையும் கொடியுமாக அந்த நிலை இளவழகன் வீட்டு வாசலில் ஏறி நின்றது.

இனி தங்கைக்கு வழி பார்க்க வேண்டும். மூன்றாம் தடவையாகக் கூத்தாநல்லூர் போனான். கடைக் கோடியில் தூங்குமூஞ்சி மரத்துக் கட்டை கிடந்தது. ரோட்டோரம் நிழலுக்கு நிற்குமே, பொழுது சாய்ந்தால் இலையை மூடிக்கொள்ளுமே, அந்த மரம். அறுத்தால் நடுவில் கறுப்பாக, பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும். பெஞ்சு செய்யலாம், மேஜை செய்யலாம். தலைவாசலுக்கு யாரும் வைக்க மாட்டார்கள். ஈரம் காயாமல் வைத்தால் முறுக்கிக்கொள்ளும்.

"இதுல சாயம் ஏத்தினா எப்படி இருக்கும் பாய்?"

"தெரியாதவங்களுக்குத் தேக்கு மாதிரி இருக்கும். நான் தேக்குன்னு சொல்லி விக்க மாட்டேன்." பாய் அவன் முகத்தைப் பார்த்தார். "யாருக்குத் தம்பி?"

"ஒருத்தர் கேட்டாரு பாய். தெரிஞ்சவரு."

கூடப்பிறந்தவளைத் 'தெரிஞ்சவரு' என்று சொன்னான். சொல்லும்போது நாக்கு கூசத்தான் செய்தது. ஆனாலும் சொன்னான். இந்த நிலைக்கு அவன் வீட்டு ஆசாரியைக் கூப்பிடவில்லை. அந்த ஆள் முகத்தில் விழிக்க முடியாது என்பதால் வெளியூரில் ஒருவரைப் பிடித்து வேலையை முடித்து, சாயம் பூசி, மேலே ஒரு கை மட்டும் பளபளவென்று வார்னிஷ் ஏற்றினான். பார்த்தால் அசல் தேக்குதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்கு, தட்டில் இருப்பது வெறும் சோறு என்றுதான் தோன்றும்.

ஆவணிக் கடைசியில் சுடர்விழி வீட்டுக்கு நிலை வைத்தார்கள். குட்டி யானை வண்டியில் நிலையை ஏற்றி, முன்னால் தப்பும் மேளமும், பின்னால் தேங்காய், பழம், பூ, புடவை, வேட்டி என்று தட்டுகளோடு பெண்கள். தெருவே கூடியிருந்தது. அம்சம் எல்லோருக்கும் முன்னால் வந்து நிலையை உள்ளங்கையால் தடவினாள்.

"பாருங்கடி, தேக்கு. இதுதான் பொறந்த வீடுங்கறது," என்றாள் தெருப் பெண்களைப் பார்த்து. மூத்த மருமகளைத் திரும்பிப் பார்க்கவும் தவறவில்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்தக் குனிந்த தலையை இளவழகன் பார்த்தான். அவளைப் பெற்றவர்கள் வேம்பை வேம்பு என்று சொல்லித்தான் கொண்டுவந்தார்கள்.

நவதானியமும் காசும் முடிந்த மஞ்சள் துணியை மேல்கட்டையில் கட்டினார்கள். மைத்துனன் என்ற முறையில் ஒரு பக்கம் அவன் பிடிக்க, இன்னொரு பக்கம் வளவன் பிடிக்க, நிலை ஏறியது. சுடர்விழி சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டு அண்ணன் காலில் விழுந்தாள். எழுந்தபோது கண் கலங்கியிருந்தது.

"அப்பா இருந்தாகூட இவ்வளவு செஞ்சிருக்காதுண்ணே," என்றாள்.

இளவழகனுக்கு வியர்த்துக் கொட்டியது. வெயில் என்று எல்லோரும் நினைத்தார்கள். சாப்பாட்டில் உட்கார்ந்து இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. கடையில் லோடு வருகிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டான்.

அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவனுக்கு அது தன் வீட்டு வாசலைத் தாண்டும்போதெல்லாம் குறுகுறுத்தது. வருகிறவர்கள் நிலையைப் பாராட்டினால், "ஏதோ நாட்டு மரம்" என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே போய்விடுவான். ஆசைப்பட்டு வைத்த வாசலை நின்று ரசிக்கக்கூட முடியாத பிழைப்பு.

தீபாவளிக்குச் சுடர்விழியும் வளவனும் வந்தார்கள். புது முகப்பை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பலகாரக் கூடையோடு படியேறியவள் நிலைக்கு அடியில் நின்றாள். அடைமழைக்காலம். ஈரக்காற்றில் தேக்கு வாசனை நன்றாகவே வந்தது. அவள் அண்ணாந்து தாமரையைப் பார்த்தாள். கையை வைத்துக் கொடியைத் தொட்டாள்.

"இது என்ன மரம்ணே?"

"நாட்டு மரம்தான். உனக்குத்தான் தேக்கு எடுத்தேனே, எனக்கு எதுக்கு?"

தமிழரசி அடுப்படிக்குள் போய்விட்டாள். சுடர்விழி, "நல்லா இருக்கு," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே வந்தாள். அன்று முழுவதும் சிரித்துப் பேசிக்கொண்டுதான் இருந்தாள். தப்பித்தோம் என்று இளவழகன் நினைத்தான்.

தையில் புதுமனை புகுவிழா வந்தது. போகாமல் தப்ப முடியாது. கூடப்பிறந்தவன் இல்லாமல் பால் காய்ச்ச மாட்டார்கள். வேட்டி மடிப்புக் கலையாமல் வண்டியை விட்டு இறங்கி, வாசலைப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

நிலை பச்சையாக இருந்தது. கிராமத்துப் பள்ளிக்கூடத்து ஜன்னலுக்கு அடிப்பார்களே, அந்தப் பச்சை எனாமல் பெயிண்ட். ஒரு கோட்டு இரண்டு கோட்டு இல்லை, மரத்தின் ஒரு கோடுகூடத் தெரியாதபடி கெட்டியாகப் பூசியிருந்தது. மாவிலைத் தோரணமே அதற்கு முன்னால் வெளுத்துத் தெரிந்தது.

தேக்கில் நிலை வைத்தவன் பெயிண்ட் அடிக்க மாட்டான். மரம் தெரியத்தானே அவ்வளவு பணம் போடுவது? ஊரில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும்.

அம்சம் அவனைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, நீங்களே வந்து உங்க தங்கச்சி லட்சணத்தைப் பாருங்க. எவ்வளவு செலவு பண்ணிக் கொண்டாந்து வச்ச தேக்கு. தீபாவளிக்கு உங்க வீட்டுக்கு வந்துட்டுத் திரும்பினவ, ஈரத்துணிய எடுத்துக்கிட்டு நிலையைத் தேய் தேய்னு தேய்ச்சா. மறுநாளே பெயிண்ட் டப்பாவ வாங்கியாந்துட்டா. நான் கத்தறேன், வளவன் கத்தறான், கேக்கலையே. எங்க அண்ணன் கொண்டாந்த மரத்துல ஊர்க் கண்ணு பட்டுடும்னு சொல்றா. பைத்தியக்காரி. தேக்குக்குப் பெயிண்ட் அடிச்ச சிறுக்கின்னு தெருவே சிரிக்குது தம்பி."

பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் நிஜமாகவே சிரித்தார்கள். இளவழகன் காதுமடல் பற்றி எரிந்தது. அந்த ஈரத்துணியில் சாயம் எப்படி இறங்கியிருக்கும், அடியில் எப்படித் தூங்குமூஞ்சி பல்லிளித்திருக்கும் என்று அவனுக்குக் கண்முன் தெரிந்தது. நிலம் பிளந்து தன்னை விழுங்காதா என்று இருந்தது. தெரு தன்னைப் பைத்தியக்காரி என்று சொல்லட்டும், அண்ணனைப் பொய்யன் என்று சொல்லக்கூடாது என்று அவள் முடிவு செய்திருக்கிறாள். இரண்டு மாதமாக மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டும் இருக்கிறாள்.

பால் காய்ச்சி முடிந்து பந்தி தொடங்கியதும் அவன் பின்பக்கம் போனான். சுடர்விழி இலைக் கட்டைப் பிரித்து ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"சுடரு, அந்த நிலை..."

"சொல்லாதண்ணே."

"இல்ல, நான்..."

"நீ சொல்லிட்டா எனக்குத் தெரிஞ்சதா ஆயிடும். அப்புறம் நான் உங்கிட்ட எப்பிடிப் பேசறது, எப்பிடி வர்றது போறது? இதுவரைக்கும் யாரும் எங்கிட்ட ஒண்ணும் சொல்லல. அப்பிடியே இருக்கட்டும்."

அவள் நிமிரவே இல்லை. இலையைத் துடைத்துத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"என் வீட்டுல இருக்கறதையே எடுத்துட்டு வந்து வச்சிடறேன் பாப்பா. இதைப் பேத்துட்டு..."

"வச்ச நிலையைப் பேக்கறேன்னு வாயால சொல்லாத." இப்போதுதான் அவள் குரல் கொஞ்சம் உயர்ந்தது. "இன்னிக்குத்தான் குடி வந்திருக்கோம். எனக்குப் புள்ள குட்டி இருக்கு."

மஞ்சள் துணி கட்டி நிறுத்திய நிலையை வீடு இருக்கும்வரை யாரும் அசைக்க மாட்டார்கள். அசைத்தால் குடும்பத்துக்கு ஆகாது. செய்ததைச் சரிசெய்ய அவனுக்கு ஒரு வழியும் இல்லை. அவள் பேரன் பேத்திகளும் அந்தத் தூங்குமூஞ்சிக்கு அடியில்தான் போய் வருவார்கள், பச்சைக்கு மேல் பச்சையாகப் பூசிக்கொண்டு.

"பந்தியில எடம் இருக்கு. போயி உக்காருண்ணே," என்றாள்.

சாப்பாடு முடிந்ததும் மரியாதை செய்தார்கள். நிலை கொண்டுவந்த மைத்துனனுக்கு வேட்டி, துண்டு, தாம்பூலம். வளவன் துண்டை விரித்து அவன் தோளில் போட்டான். இளவழகன் தரையைப் பார்த்துக்கொண்டே வாங்கிக்கொண்டான். வெட்கப்படுகிறார் மச்சான் என்று யாரோ கேலி செய்தார்கள்.

அம்சத்துக்கு அப்போதுதான் இன்னொன்று நினைவுக்கு வந்தது.

"தம்பி, ஒரு ஒத்தாசை. எங்க மக திருத்துறைப்பூண்டியில வீடு கட்டறா. சித்திரையில நிலை வெக்கணும். வளவன்தானே கொண்டு போகணும்? இவனுக்கு மரத்தைப் பத்தி என்ன தெரியும், தேக்குன்னு எவனாச்சும் எதையாச்சும் தலையில கட்டிருவான். நீங்க கூடப் போயி நல்ல கட்டையாப் பாத்து எடுத்துக் குடுங்க."

இளவழகன் நிமிர்ந்தான். அந்த நாள் முழுக்க மூச்சு முட்டியவனுக்கு ஒரு ஜன்னல் திறந்தது போல இருந்தது. போகலாம். பாயின் கடையிலேயே முதல் தரமாகப் பார்த்து எடுக்கலாம். விலை எவ்வளவு ஏறியிருந்தாலும் சரி, மேலே ஆகிறதைத் தன் கையிலிருந்து போட்டுக்கூடக் கொடுத்துவிடலாம். இந்த வீட்டுக்கு ஒரு நல்லதாவது செய்யலாம். "கண்டிப்பா அத்தை" என்று சொல்ல வாயெடுத்தான்.

"வேண்டாம் அத்தை," என்றாள் சுடர்விழி.

பாயசத் தூக்கோடு வாசலில் நின்றிருந்தாள். குரலில் கோபம் ஒன்றும் இல்லை. பாயசம் போதுமா என்று கேட்கிற அதே குரல்.

"நானும் அவரும் போயி எடுத்துக்கறோம். நான் மரம் பாத்துக்கறேன்."

"உனக்கென்னடி தெரியும்? தேக்குக்குப் பச்சை அடிச்சவதானே நீ," என்றாள் அம்சம். எல்லோரும் சிரித்தார்கள். சுடர்விழியும் சிரித்தாள்.

"அண்ணனுக்குக் கடையில வேலை இருக்கும் அத்தை."

முளைக்காத விதை கொடுத்த கடைக்காரனை விவசாயி வந்து திட்டுவதில்லை. ஊரில் போய்ச் சொல்லிக்கொண்டு திரிவதும் இல்லை. அடுத்த பட்டத்துக்கு விதை வாங்கும்போது அந்தக் கடையைத் தாண்டிப் போய்விடுவான், அவ்வளவுதான். இளவழகன் இத்தனை வருஷம் விதை விற்றவன்.

எல்லோரும் அவன் பதிலுக்காகப் பார்த்தார்கள். சுடர்விழி மட்டும் பார்க்கவில்லை.

"ஆமாங்க அத்தை," என்றான் இளவழகன். "எனக்குக் கடையில வேலை இருக்கும்."